இடதுசாரிக் கத்தோலிக்கரைத் தேடி: கெர்ட்-ரைனர் ஹோர்னின் வரலாற்றுப் பணி

பிரான்ஸின் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் கூலிவேலை செய்துவந்த ஏறக்குறைய நூறு கத்தோலிக்கக் குருக்களுக்கு 1954 மார்ச் 1ஆம் தேதி கெடு வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்குள் அவர்கள் முழுநேர உடலுழைப்பைக் கைவிட வேண்டும். தொழிற்சங்கப் பொறுப்புகளிலிருந்து விலக வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆலையில் வேலை செய்யக் கூடாது. பிரெஞ்சு ஆயர்களின் கையெழுத்தோடு வந்த அந்த ஆணை ரோமில் முடிவானது. ஏறக்குறைய பாதிப்பேர் கீழ்ப்படிந்தார்கள். மற்றவர்கள் தோழர்களை விட்டுவர மனமின்றி ஆலையிலேயே தங்கினார்கள்; தங்கள் குருத்துவப் பணியை அதற்கு விலையாகக் கொடுத்தார்கள்.

இந்த நிகழ்வை எந்த வரலாற்றில் சேர்ப்பது? தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் இதைத் திருச்சபையின் உள்விவகாரம் என்று ஒதுக்கினார்கள். திருச்சபையின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் இதை ஒழுங்கு, கீழ்ப்படிதல் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தார்கள். தேச வரலாறு எழுதியவர்களுக்கு இது பிரான்ஸுக்கே உரிய ஒரு விசித்திரம். இந்த மூன்று வேலிகளுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்த மனிதர்களையும் அமைப்புகளையும் சேர்த்தெடுத்து, இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியலின் ஒரு பெரும் நீரோட்டமாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் கெர்ட்-ரைனர் ஹோர்ன். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பாரிஸின் சியான்ஸ் போ கல்வி நிறுவனத்திலும் பணியாற்றியவர். அவருடைய நூல்களை எழுதப்பட்ட வரிசையில் படித்தால், ஒரு வரலாற்றாசிரியரின் கேள்வி எப்படி வளர்கிறது என்பதும், அந்த வளர்ச்சி வரலாற்றுத் துறையின் கண்ணையே எப்படித் திறக்கிறது என்பதும் புரியும்.

சோசலிஸ்டுகளில் தொடங்கிய கேள்வி

ஹோர்னின் முதல் நூலில் கத்தோலிக்கர் மையத்தில் இல்லை. 1996இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அந்நூல், பாசிசத்தின் எழுச்சியை ஐரோப்பிய சோசலிஸ்டுகள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை ஆராய்ந்தது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டின் முடிவில் பெல்ஜியத் தொழிலாளர் கட்சி, ஹென்றிக் டி மான் வகுத்த பொருளாதாரத் திட்டத்தை ஏற்றது. 1934 பிப்ரவரியில் வியன்னா சோசலிஸ்டுகள் ஆயுதமேந்தித் தோற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

இவை ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டு வரலாற்றில் ஓர் அத்தியாயமாக இருந்தவை. ஹோர்ன் இவற்றை ஒரே ஓட்டத்தில் வைத்துப் படித்தார். போராடாமல் வீழ்ந்த பெர்லினைவிடப் போராடி வீழ்ந்த வியன்னாவே மேல் என்ற எண்ணம் ஸ்பானியத் தொழிலாளரிடையே பரவியது. பெல்ஜியத்தின் திட்டம் பிரெஞ்சு சோசலிஸ்டுகளைப் பிளந்த விவாதமானது. செய்தித்தாள், அகதி, மாநாடு, மொழிபெயர்ப்பு என்று பல வழிகளில் ஒரு நாட்டின் அனுபவம் அடுத்த நாட்டின் முடிவை மாற்றியது.

இந்த முதல் நூலிலேயே அவருடைய ஆய்வுமுறையின் இரண்டு தூண்கள் ஊன்றப்பட்டுவிட்டன. ஒன்று, எல்லை தாண்டிய பார்வை. இரு நாடுகளை அருகருகே வைத்து ஒற்றுமை வேற்றுமை சொல்வது ஒப்பீட்டு வரலாறு. ஒரு நாட்டில் நடந்தது இன்னொரு நாட்டுக்குள் எந்த வழியாக, யார் கையால் போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர்வது எல்லை தாண்டிய வரலாறு. இரண்டாவது தூண், திறந்திருந்த வாய்ப்புகளின்மேல் அக்கறை. 1933க்கும் 1936க்கும் இடையே இடதுசாரிகளின் முன்னால் பல பாதைகள் இருந்தன. பின்னால் நடந்ததை வைத்து அவற்றையெல்லாம் மூடிய பாதைகளாக எழுதுவது, அந்த மனிதர்கள் உண்மையாகவே தேர்வு செய்து வாழ்ந்தார்கள் என்பதை மறுப்பதாகும்.

இந்த இரண்டு தூண்களோடு 1940களுக்குள் நுழையும் எவரும் கத்தோலிக்கரைக் காணாமல் இருக்க முடியாது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த குழுக்களிலும், விடுதலைக்குப்பின் எழுந்த உள்ளூர்க் குழுக்களிலும், ஆலைகளிலும் அவர்கள் கம்யூனிஸ்டுகளின் பக்கத்தில் நின்றார்கள். பெல்ஜிய வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ஜெரார்டும் ஹோர்னும் சேர்ந்து தொகுத்த 'இடதுசாரிக் கத்தோலிக்கம், 1943–1955' என்ற ஆங்கில நூல் 2001இல் லூவன் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்தது. இடதுசாரிகளின் வரலாற்றாசிரியர் ஒருவர் கத்தோலிக்க ஆவணங்களை நோக்கித் திரும்பியதை அந்தத் தலைப்பிலேயே காணலாம்.

முதல் அலை

2008இல் வெளியான 'மேற்கு ஐரோப்பிய விடுதலை இறையியல்: முதல் அலை (1924–1959)' அந்தத் தேடலின் முழுமையான விளைவு. விடுதலை இறையியல் என்றதும் லத்தீன் அமெரிக்காவும் 1968ஆம் ஆண்டும் நினைவுக்கு வருவதே வழக்கம். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாக, பெல்ஜியத்தின் தொழிற்பேட்டைகளில் ஹோர்ன் தம் கதையைத் தொடங்குகிறார்.

அங்கே நிற்பவர் ஜோசப் கார்டைன். எளிய குடும்பத்துப் பையன். குருமடத்தில் சேர்ந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் தம்மை எதிரியாகப் பார்ப்பதைக் கண்டார். 1903இல் தந்தை இறந்தபோது, உழைக்கும் வர்க்கத்துக்கே வாழ்வை அளிப்பதாக உறுதி பூண்டார். 1924–25இல் பிரஸ்ஸல்ஸில் உருவெடுத்த அவருடைய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1927இல் பிரான்ஸில் வேர்பிடித்து, பின்னர் பல கண்டங்களுக்குப் பரவியது. 1957இல் ரோமில் கூடிய அதன் உலகக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 30,000 இளம் தொழிலாளர் வந்தார்கள்.

அந்த இயக்கத்தின் வழிமுறை எளியது: நிலைமையைப் பார்ப்பது, நற்செய்தியின் ஒளியில் அதை எடைபோடுவது, பிறகு செயலில் இறங்குவது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் ஆலையில் எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி, கழிப்பிடம் எப்படி, மேற்பார்வையாளர் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டு வாரக் கூட்டத்துக்கு வர வேண்டும். குரு சொல்ல இளைஞர் கேட்பது என்ற நெடுங்கால ஒழுங்கு இதில் தலைகீழானது. பொதுநிலையினரின் வாழ்க்கை அனுபவமே சிந்தனையின் தொடக்கமாயிற்று. தமிழகத்தின் மறைமாவட்டங்களில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த முறை நன்கு அறிமுகமானது. அது பிறந்த இடம் பெல்ஜியத்து ஆலைத் தெருக்கள்.

அமைப்புக்கு இணையாகச் சிந்தனையும் வளர்ந்தது. இம்மானுவேல் முனியே 1932இல் 'எஸ்பிரி' இதழைத் தொடங்கினார். தனிமனித வேட்கையை முன்னிறுத்தும் முதலாளியமும் தனிமனிதனைக் கரைத்துவிடும் சர்வாதிகாரமும் மனித ஆளுமையைச் சிதைக்கின்றன என்பது அவருடைய வாதம். ழாக் மாரித்தேன் 1936இல் வெளியிட்ட 'முழுமையான மானுடவாதம்', கத்தோலிக்கர்கள் மதச்சார்பற்ற சமூகத்துக்குள் பிறரோடு சேர்ந்து பணியாற்றுவதற்கு மெய்யியல் அடிப்படை தந்தது. டொமினிக்கன் இறையியலாளர் மரி-தொமினிக் ஷெனு, இறையியல் தன் காலத்தின் வரலாற்றுக்குள் நின்று பேச வேண்டும் என்று 1937இல் எழுதினார். அந்தச் சிறுநூலை ரோம் 1942இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

போர் இந்தச் சிந்தனைகளை உடலோடு உரசவைத்தது. 1943 முதல் பிரெஞ்சு இளைஞர் லட்சக்கணக்கில் ஜெர்மன் ஆலைகளுக்குக் கட்டாய உழைப்புக்காகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களோடு ஆன்மப் பணிக்காகச் செல்ல நாஜிகள் அனுமதி மறுத்ததால், சில குருக்கள் சாதாரணத் தொழிலாளியாக மறைந்து போனார்கள். இயேசு சபைக் குரு ஆன்ரி பெரென் அவர்களில் ஒருவர்; லைப்சிக் நகரில் கைதானார்; அந்த அனுபவத்தைப் போர் முடிந்ததும் நூலாக எழுதினார். அதற்கு முன்பே, 1941இல், டொமினிக்கன் குரு ழாக் லோவ் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கியிருந்தார். பிரான்ஸின் தொழிலாளர் பகுதிகளே இனி மறைபரப்பு நாடு என்று வாதிட்ட ஆன்ரி கொதான், இவான் தானியேல் ஆகியோரின் ஆய்வு 1943இல் வந்தது. அதைப் படித்துக் கலங்கிய பாரிஸ் பேராயர் கர்தினால் சுஆர், பாரிஸ் மறைபரப்புப் பணியை உருவாக்கினார். தொழிலாளர் குருக்கள் என்ற புதிய மனிதர்கள் இப்படிப் பிறந்தார்கள்.

மதம் மாற்றப் போனவர்கள் தாமே மாறினார்கள். ஆலை வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்ட குரு, அங்கே ஏற்கெனவே ஒற்றுமை, தியாகம், நீதியுணர்வு ஆகியவை கம்யூனிஸ்டுத் தோழர்களிடம் உயிரோடிருப்பதைக் கண்டார். கிடங்கில் சங்கப் பொறுப்பு ஏற்றார். வேலைநிறுத்தத்தில் நின்றார். 1951இல் போர்தோ துறைமுகத்தில் நடந்த விபத்தில் ஒரு தொழிலாளர் குரு சரக்குக்கு அடியில் சிக்கி உயிரிழந்தார். உழைப்பாளியின் ஆபத்தும் அவர்களுடையதாகிவிட்டிருந்தது.

ஹோர்னின் நூலில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதிகள் அதிகம் அறியப்படாத அமைப்புகளைப் பற்றியவை. பிரான்ஸில் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்களிடையே தோன்றிய 'குடும்பங்களின் மக்கள் இயக்கம்', துணி துவைக்கும் இயந்திரத்தைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வாங்கிப் பகிர்ந்தது. வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1946இல் மார்செய் நகரின் காலி வீடுகளில் குடும்பங்களைக் குடியேற்றியது. சொத்துரிமையைச் சவால் செய்த இந்தச் செயல், பக்தியுள்ள குடும்பத் தலைவர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்து செய்தது.

இத்தாலியில் அருட்தந்தை ஜேனோ சல்த்தீனி, போரில் அநாதையான குழந்தைகளையும் அவர்களுக்குத் தாயாக முன்வந்த பெண்களையும் அழைத்துக்கொண்டு 1947இல் ஃபொஸ்ஸோலி முகாமைக் கைப்பற்றினார். பிரிமோ லெவி உள்ளிட்ட யூதர்கள் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்ட முகாம் அது. தனிச்சொத்து இல்லாத நொமதெல்ஃபியா சமூகம் அந்த முள்வேலிகளுக்குள் உருவானது. 1952இல் வத்திக்கானின் கோட்பாட்டுக் கண்காணிப்புத் துறையான புனித அலுவலகம் அவரை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. ரோம் நகரில் 1944இல் தோன்றிய கிறிஸ்தவ இடதுசாரிக் கட்சி அடுத்த ஆண்டே கலைந்து, அதன் உறுப்பினர் பலர் கம்யூனிஸ்டுக் கட்சிக்குள் சென்றார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இவை சிறு முயற்சிகள். சேர்த்துப் பார்த்தால், ஒரே காலத்தில் பல நாடுகளில் ஒரே திசையில் எழுந்த அலை.

ஒரே வலைப்பின்னல், இரு திசைகள்

அந்த அலை ஏன் தணிந்தது? 1949 ஜூலையில் கம்யூனிஸ்டுகளோடு உறவாடும் கத்தோலிக்கர்களுக்கு எதிராகப் புனித அலுவலகம் ஆணை வெளியிட்டது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 'மனித இனம்' என்ற சுற்றுமடலில் புதிய இறையியல் போக்குகளைக் கண்டித்தார். 1954 பிப்ரவரியில் ஷெனு, இவ் கொங்கார் உள்ளிட்ட டொமினிக்கன்கள் பாரிஸிலிருந்து அகற்றப்பட்டார்கள். பிரான்ஸின் மூன்று டொமினிக்கன் மாநிலத் தலைவர்களும் பதவி இழந்தார்கள். தொழிலாளர் குருக்கள் திட்டம் 1959இல் முற்றாக நிறுத்தப்பட்டது. ஹோர்ன் தம் நூலை அந்த ஆண்டில் முடிக்கிறார்.

கத்தோலிக்கத் திருச்சபை உலகின் மிகப் பழைய எல்லை தாண்டிய அமைப்புகளில் ஒன்று. பிரஸ்ஸல்ஸில் பிறந்த முறை மார்செய்க்கும் மிலானுக்கும் விரைவாகப் பரவியது அந்த அமைப்பின் வழித்தடங்களால்தான்: சபைகளின் இல்லங்கள், தியான மையங்கள், குருமடங்கள், இதழ்கள், பொது மொழியாக இருந்த இலத்தீன். அதே வழித்தடங்கள்தான் ரோமின் ஆணையையும் எல்லா நாடுகளுக்கும் ஒரே நாளில் கொண்டுசேர்த்தன. கீழிருந்து எழும் சர்வதேசியமும் மேலிருந்து இறங்கும் சர்வதேசியமும் ஒரே உடலின் இரு இயக்கங்கள். ஹோர்னின் பணியிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் இது. கத்தோலிக்க இயக்கங்களை ஒரு தேசத்தின் எல்லைக்குள் ஆராய்பவர், அவற்றின் வேகத்தையும் விளக்க முடியாது, வீழ்ச்சியையும் விளக்க முடியாது.

இதற்கான ஆவணங்களும் சிதறியே கிடக்கின்றன. இயக்கத்தவரின் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், கையால் சுழற்றி அச்சடித்த தாள்கள் ஆகியவை லூவன் நகரில் 1976இல் நிறுவப்பட்ட காடோக் போன்ற ஆவணக் காப்பகங்களில் வந்து சேர்ந்தன. பன்னிரண்டாம் பயஸ் காலத்து வத்திக்கான் ஆவணங்களோ 2020 மார்ச்சில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. எனவே 2008இல் வெளியான நூல் பெரும்பாலும் கீழிருந்து பார்த்த வரலாறு. ஆணையிட்டவர்களின் மேசையில் என்ன நடந்தது என்ற பகுதியை இனிவருவோர் விரிவாக எழுத முடியும். தொழிலாளர் குருக்களின் வரலாற்றை 1965இலேயே எழுதிய பிரெஞ்சு அறிஞர் எமில் புலா, தாமே முன்பு தொழிலாளர் குருவாக இருந்தவர். அவரைப்போன்றோர் உள்ளிருந்து சேர்த்த சாட்சியங்கள் இல்லாமல் பின்வந்தவர்களின் பரந்த பார்வை சாத்தியமாகியிராது.

தருணங்கள் என்ற கோட்பாடு

அமெரிக்க வரலாற்றாசிரியர் பாட்ரிக் கென்னியோடு சேர்ந்து ஹோர்ன் 2004இல் தொகுத்த நூல் மூன்று ஆண்டுகளைத் தலைப்பில் தாங்கியது: 1945, 1968, 1989. ஐரோப்பா முழுவதும் ஒரே நேரத்தில் அதிகாரம் தளர்ந்து, சாதாரண மக்கள் தாமாக அமைப்புகளை உருவாக்கிய தருணங்கள் அவை. அத்தகைய தருணத்தில் மக்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வது, அமைதியான பத்தாண்டுகளில் கற்பதைவிட அதிகம். ஹோர்னின் பிற நூல்களும் இந்தக் கருத்தைச் சுற்றியே அமைகின்றன. 2007இல் வந்த நூல் 1956 முதல் 1976 வரையிலான எழுச்சிகளை 1968இன் ஆன்மா என்ற தலைப்பில் ஆராய்ந்தது. 2020இல் வந்த நூல் 1943–1948 கால மேற்கு ஐரோப்பாவின் விடுதலைக் குழுக்களுக்கும் அதிகாரப் போட்டிகளுக்கும் திரும்பியது.

கத்தோலிக்க வரலாற்றின் இரு அலைகளும் இந்தத் தருணங்களோடு பொருந்துகின்றன. முதல் அலையின் உச்சம் பாசிசம் வீழ்ந்த ஆண்டுகளில். இரண்டாம் அலையின் உச்சம் நீண்ட அறுபதுகளில். சமூகம் கொந்தளிக்கும்போது கோயில் சுவர்களுக்குள்ளும் கொந்தளிப்பு எழுகிறது. சுவர்களுக்குள் எழும் கொந்தளிப்பு திரும்பவும் சமூகத்துக்குள் பாய்கிறது.

இரண்டாம் அலை

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஆயர்களின் விவாதமாக எழுதிய நூல்கள் ஏராளம். 2015இல் வெளியான 'இரண்டாம் வத்திக்கானின் ஆன்மா' என்ற நூலில் ஹோர்ன் பேராலயத்தின் வாசலுக்கு வெளியே நின்று பார்க்கிறார். அகற்றப்பட்ட கொங்கார் சங்கத்தின் அதிகாரபூர்வ வல்லுநராகவும், ஷெனு ஒரு மடகாஸ்கர் ஆயரின் ஆலோசகராகவும் ரோமுக்குத் திரும்பினார்கள். 1965இல் தொழிலாளர் குருக்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது; அதே ஆண்டு கார்டைன் கர்தினால் ஆனார். முதல் அலையில் தோற்கடிக்கப்பட்டவை இரண்டாம் அலையில் சட்டபூர்வமாயின.

ஆனால் சங்கம் திறந்த கதவுவழியே வெளியேறியவர்கள் ஆயர்கள் எண்ணியதைவிட வெகுதூரம் போனார்கள். லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பிரிவு அங்கேயே நீடிக்கும் என்று பெல்ஜிய ஆயர்கள் 1966 மே மாதத்தில் அறிவித்தார்கள். பிளெமிஷ் மாணவர்களின் சினம் மொழிக் கோரிக்கையில் தொடங்கி, அதிகாரத்தின் தன்மையைக் கேள்வி கேட்பதாக மாறியது. 1968 பிப்ரவரியில் நாட்டின் அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. மிலானின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை மாணவர்கள் 1967 நவம்பரிலேயே கைப்பற்றியிருந்தார்கள். பாரிஸின் மே மாதத்துக்கு முன்னரே 1968 தொடங்கிய இடங்களில் கத்தோலிக்க நிறுவனங்கள் இருந்தன என்பது அந்த ஆண்டைப் பற்றிய நம் வழக்கமான சித்திரத்தைத் திருத்துகிறது.

ஃபுளோரன்ஸ் நகரின் தொழிலாளர் குடியிருப்பான இசொலோத்தோவில் பங்குத்தந்தை என்ஸோ மாட்ஸியும் மக்களும் முடிவுகளைக் கூட்டாக எடுக்கும் ஒரு பங்குச் சமூகத்தை வளர்த்திருந்தார்கள். 1968 செப்டம்பரில் பார்மா பேராலயத்தைக் கைப்பற்றிய இளைஞர்களுக்கு அவர்கள் ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். கர்தினால் ஃபுளோரித் அக்கடிதத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். மறுத்த மாட்ஸியை அந்த ஆண்டு இறுதியில் பதவிநீக்கம் செய்தார். மக்கள் கோயிலை இழந்து சதுக்கத்தில் கூடினார்கள். அங்கே ஜெபித்து, அங்கேயே விவாதித்து, நெடுங்காலம் நிலைத்தார்கள்.

ஸ்பெயினின் நிலைமை வேறு. பிராங்கோவின் ஆட்சி திருச்சபையின் ஆசியோடு நின்றது. சுதந்திரத் தொழிற்சங்கம் சட்டவிரோதம். திருச்சபையின் தொழிலாளர் அமைப்புகளுக்கு மட்டும் ஓரளவு பாதுகாப்பு இருந்ததால், 1946இல் தோன்றிய கத்தோலிக்கத் தொழிலாளர் சகோதரத்துவ அமைப்பும் இளம் தொழிலாளர் இயக்கமும் போராட்டப் பள்ளிகளாயின. தொழிலாளர் ஆணையங்கள் என்ற சட்டவிரோதத் தொழிற்சங்கக் குழுக்கள் பங்கு அறைகளில் கூடின. கிளர்ச்சிக் குருக்களுக்கென்றே 1968இல் ஸமோரா நகரில் ஆட்சி தனிச் சிறைப்பகுதி திறந்தது. அடைக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பாஸ்க் குருக்கள். கத்தோலிக்க அரசு தன் குருக்களையே சிறையில் வைத்த அந்த நிலை, திருச்சபை ஒற்றைக் குரலில் பேசும் அமைப்பு என்ற எண்ணத்தை உடைக்கப் போதுமானது.

பிரான்ஸில் 1964இலேயே கிறிஸ்தவத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பெரும்பான்மையினர் மத அடையாளத்தைத் துறந்து புதிய சங்கமாகியிருந்தார்கள். 1973இல் பெசான்சோன் நகரின் லிப் கடிகார ஆலை ஆள்குறைப்பை எதிர்கொண்டபோது, தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றித் தாங்களே கடிகாரம் செய்து விற்றார்கள். அவர்களின் தலைவர் ஷார்ல் பியாஜே கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தில் உருவானவர். பக்கத்தில் நின்றவர் டொமினிக்கன் தொழிலாளர் குரு ழான் ரகெனெஸ். தினமும் கூடிய பொதுக்கூட்டம், எல்லாரையும் பேசவைத்த பொறுமை, நிலைமையைச் சேர்ந்து ஆராய்ந்து முடிவெடுத்த பழக்கம் ஆகியவற்றில் கார்டைனின் பள்ளியை அடையாளம் காணலாம். செப்டம்பர் இறுதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அந்த நகருக்கு வந்து ஊர்வலம் போனார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரை

ஹோர்னின் 'முதல் அலை' என்ற சொல் ஒரு துணிந்த உரிமைகோரல். அதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. கொலம்பியாவின் கமிலோ தோரஸ் 1950களில் லூவனில் சமூகவியல் படித்தார்; 1966 பிப்ரவரியில் கெரில்லாவாகக் கொல்லப்பட்டார். பெருவின் குஸ்தாவோ குத்தியேரஸ் லூவனிலும் லியோனிலும் பயின்றார், 1968 ஜூலையில் சிம்போத்தே நகரில் ஆற்றிய உரையில் விடுதலை இறையியலுக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தார், 1971இல் நூலாக்கினார். இடையே 1968இல் மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறியோர்பால் திருச்சபையின் கடமையை அழுத்திச் சொன்னார்கள்.

ஆயினும் ஐரோப்பா விதைத்ததை லத்தீன் அமெரிக்கா அறுவடை செய்தது என்று சுருக்குவது அநீதி. குத்தியேரஸ் லிமாவின் ஏழ்மைக்குள் திரும்பியபோது, ஐரோப்பாவில் கற்றது போதவில்லை. அங்கே தொழிற்சாலைத் தொழிலாளியே ஏழையின் முகம். இங்கே நிலமற்ற விவசாயி, பழங்குடி, சேரிவாசி. அடிமை வணிகமும் காலனியமும் விட்டுச்சென்ற காயம் பெல்ஜியத்துப் பாடத்தில் இல்லை. எல்லை தாண்டிய வரலாறு தன் பெயருக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால், கருத்துகள் போன பாதையோடு அவை போன இடத்தில் எவ்வாறு உடைந்து புதிதாயின என்பதையும், அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தவற்றையும் எழுத வேண்டும். 1965 நவம்பரில் ரோமின் சுரங்கக் கல்லறையில் எளிமையாக வாழ உறுதியெடுத்த ஏறக்குறைய நாற்பது ஆயர்களின் உடன்படிக்கையை லத்தீன் அமெரிக்கர் பலர் முன்னெடுத்தார்கள் என்பது அந்தத் திரும்பும் பயணத்துக்குச் சான்று.

எதிர்ப்பக்கச் சான்றுகள்

இடதுசாரிக் கத்தோலிக்கத்தை மட்டும் படிப்பவர், கத்தோலிக்க அரசியலின் பெரும்பகுதியை மறந்துவிடும் ஆபத்து உண்டு. வரலாற்றாசிரியர் மார்ட்டின் கான்வே 1918 முதல் 1945 வரையிலான கத்தோலிக்க அரசியலைப் பற்றியும் பெல்ஜிய நாஜி ஒத்துழைப்பாளர் லியோன் டெக்ரெல் பற்றியும் எழுதிய நூல்கள் இந்த இடத்தில் இன்றியமையாதவை. டெக்ரெலும் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் வளர்ந்தவர்தான். கிறிஸ்து அரசரின் பெயர் தாங்கிய கத்தோலிக்கப் பதிப்பகத்திலிருந்து அவர் கட்டிய ரெக்ஸ் கட்சி 1936 தேர்தலில் 21 இடங்களை வென்றது. கார்டைனும் டெக்ரெலும் ஒரே நாட்டின் ஒரே கத்தோலிக்கச் சூழலில் விளைந்தவர்கள்.

ஜேம்ஸ் சாப்பெல் 2018இல் எழுதிய நூல், 1930களில் கத்தோலிக்கர்கள் நவீன உலகை ஏற்றபோது இரு வழிகள் பிரிந்தன என்று காட்டியது: கம்யூனிச எதிர்ப்பையும் குடும்பத் தலைமையையும் மையமாக்கிய தந்தைவழிப் போக்கு ஒன்று, பாசிச எதிர்ப்பையும் தோழமையையும் மையமாக்கிய சகோதரப் போக்கு இன்னொன்று. போருக்குப்பின் ஆட்சிகளை அமைத்த கிறிஸ்தவ ஜனநாயகத்தில் முதல் போக்கே ஓங்கியது. ஜூலியானா சமேதெஸ் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வத்திக்கான் தன் அரசு ஒப்பந்தங்கள் வழியாகவும் கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரம் வழியாகவும் நடத்திய மேலிருந்து வரும் சர்வதேசியத்தை விரிவாகக் காட்டுகிறது. பியோத்ர் கொசிட்ஸ்கியின் 2018ஆம் ஆண்டு நூல் முனியேயின் சிந்தனை போலந்துக்குப் போன கதையைச் சொல்கிறது. அங்கே அது ஒருபுறம் ஸ்டாலினிய ஆட்சிக்குக் கத்தோலிக்க ஆதரவு திரட்டிய பாக்ஸ் அமைப்புக்குப் பயன்பட்டது. மறுபுறம், 1989இல் போலந்தின் பிரதமரான ததேயூஷ் மஸோவியெட்ஸ்கி போன்றோரை உருவாக்கியது. ஒரே சிந்தனை எந்த அதிகாரத்தின் கையில் சேர்கிறது என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. தொழிலாளர் குருக்களை மையமாக வைக்கும் எந்த வரலாறும் ஆண்களின் வரலாறாகச் சாயும். கம்யூனிஸ்டு நகராட்சியான இவ்ரியில் 1933 முதல் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய மதலேன் தெல்பிரேல் எந்தத் திருநிலையும் பெறாதவர். எந்த ஆணையும் அவரை அங்கிருந்து அகற்றவில்லை. பொதுத் துவைப்பு இயந்திரத்தை நடத்திய பெண்கள், இளம் பெண் தொழிலாளர் இயக்கத்தினர், பள்ளி ஆசிரியைகள் ஆகியோரின் சாட்சியங்களை மையமாக்கி எழுதினால், 1954 என்ற முறிவு அவ்வளவு முழுமையாகத் தெரியாது. ஆலையிலிருந்து குருக்கள் வெளியேறிய பின்னும் குடியிருப்புகளில் அந்த வாழ்க்கை தொடர்ந்தது.

தோற்றவர்களின் வரலாறு ஏன் வேண்டும்

ஹோர்ன் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் இலக்கை அடையவில்லை. தொழிலாளர் குருக்கள் தடைசெய்யப்பட்டார்கள். கிறிஸ்தவ இடதுசாரிக் கட்சி ஓராண்டு சற்று கடந்து கலைந்தது. லிப் ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. வெற்றியை அளவுகோலாகக் கொள்ளும் வரலாறு இவர்களை அடிக்குறிப்பில் முடித்துவிடும். ஆனால் 1954இல் அகற்றப்பட்டவர்களின் சிந்தனை 1965இல் வத்திக்கான் சங்க ஆவணத்துக்குள் நுழைந்ததையும், ஆலைத் தெருவில் உருவான கூட்ட முறை 1973இல் கடிகாரத் தொழிலாளரின் சபையில் பேசியதையும் பார்க்கும்போது, தோல்வி என்ற சொல்லை அவசரமாகப் பயன்படுத்த முடியவில்லை. ஓர் இயக்கத்தை மதிப்பிட, அது கலைந்த நாளோடு அதன் மனிதர்கள் எங்கே போனார்கள், எந்தப் பழக்கங்களை எடுத்துச்சென்றார்கள் என்பதையும் அறிய வேண்டும். அதற்குப் பல மொழிகள் தெரிந்த, பல நாட்டுக் காப்பகங்களில் உட்காரப் பொறுமையுள்ள, மத நம்பிக்கையை மதிக்கவும் அதன் அதிகாரத்தை விமர்சிக்கவும் ஒருசேரத் துணிந்த வரலாற்றாசிரியர் தேவை.

மதம் பொதுவெளியில் எப்போதும் வலதுசாரிக்கே துணைநிற்கும் என்று நம்புவோரும், உண்மையான பக்தி அரசியல் கலவாதது என்று நம்புவோரும் இன்றும் நிறைய இருக்கிறார்கள். மார்செய், லூவன், இசொலோத்தோ, ஸமோரா ஆகிய இடங்களின் சான்றுகள் இரு தரப்பையும் மறுக்கின்றன. விசுவாசம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை அதன் கோட்பாடு முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. யாரோடு சேர்ந்து உழைக்கிறோம், யாருடைய துயரத்திலிருந்து சிந்திக்கத் தொடங்குகிறோம் என்பது தீர்மானிக்கிறது. வத்திக்கான் காப்பகத்தின் 1939–1958 ஆவணங்கள் இப்போது ஆய்வாளர் கைக்கு வந்துவிட்ட நிலையில், ஆணையிட்டவர்களின் குறிப்புகளையும் ஆணை பெற்றவர்களின் கடிதங்களையும், அவர்களோடு வாழ்ந்த பெண்களின் சாட்சியங்களையும், தென்னுலகிலிருந்து திரும்பி வந்த சிந்தனையையும் ஒரே நூலில் சேர்த்துப் படிப்பது அடுத்த தலைமுறை ஆய்வாளர்களின் வேலை. அதற்கான வரைபடத்தின் பெரும்பகுதியை ஹோர்ன் வரைந்து கொடுத்திருக்கிறார்.